எல், கே, எஸ், சாய்கோடு, எஃப்

தமிழ்99 விசைப்பலகையில் 'தமிழ்' என்று அடிக்க ஐந்து விசைகள் போதும். எல் விசையில் த, கே விசையில் ம, எஸ் விசையில் இ, சாய்கோட்டில் ழ, எஃப் விசையில் புள்ளி. கை பழகிவிட்டால் அந்த விசைகளில் ஆங்கில எழுத்துகள் இருப்பதே மறந்துபோகும். திரையில் 'தமிழ்' வர வேண்டிய இடத்தில் அந்த ஐந்தும் அப்படியே வந்து நிற்கும்போதுதான் மறுபடி ஞாபகம் வரும்.

எழுத்துரு கெட்டுவிட்டது என்பார் ஒருவர். கீபோர்டு போச்சு என்பார் இன்னொருவர். லினக்ஸ் மேசைக்கணினியில் பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. எழுதும் மென்பொருளும் அதற்குள் போய் உட்கார வேண்டிய ஒரு சிறு செருகுநிரலும் பதிப்பில் ஒத்துப்போவதில்லை. இருபது வருடத்துக்கு முன்னும் இந்தக் கோளாறு இருந்தது, இன்றும் இருக்கிறது. இடையில் எவ்வளவோ மாறியிருக்கிறது. எது மாறியது, எது மாறவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

கணினியில் தமிழ் அடிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் தட்டும் விசையைத் தமிழாக்குவது எழுதும் மென்பொருளின் வேலை அல்ல. அதற்கென்று 'உள்ளீட்டு முறை' என்ற தனி நிரல் பின்னணியில் ஓடுகிறது. எந்த விசைக்குப் பின் எது வந்தால் என்ன எழுத்து என்ற அட்டவணை அதனிடம் இருக்கும். லினக்ஸில் தமிழுக்கான அட்டவணைகள் பெரும்பாலும் ஜப்பானில் உருவான எம்17என் என்ற நூலகத்தோடு வருபவை. ஆனால் விசை முதலில் போய்ச் சேர்வது மென்பொருளிடம். அங்கே அதைப் பிடித்து, உள்ளீட்டு முறையிடம் கொடுத்து, எழுத்தாக வாங்கித் திரும்பக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் செருகுநிரல். மென்பொருளின் சாளரம், பொத்தான்களை வரையும் நூலகத்தைக் கருவித்தொகுப்பு என்பார்கள். ஜிடிகே என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதிய மென்பொருளுக்கு ஒரு செருகுநிரல், கியூட்டி கொண்டு எழுதியதற்கு வேறொன்று. கல்யாணத் தரகருக்கு இரண்டு வீட்டுப் பழக்கவழக்கமும் தெரிந்திருக்க வேண்டியதைப் போல, இதற்கு மென்பொருளின் நூலகமும் தெரிய வேண்டும், உள்ளீட்டு முறையும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பதிப்பு மாறினாலும் பேச்சு முறிந்துவிடும்.

ஆங்கிலம் அடிப்பவருக்கு இந்த ஆளே தேவையில்லை. விசை நேராக எழுத்தாகிவிடும். அதனால் இந்தப் பழுது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. தமிழ், சீனம், ஜப்பானியம், கொரியம் என்று எழுதுகிறவர்களுக்குத்தான் படுகிறது.

2006இல் மதுரையில் ஒரு சிற்றிதழின் அச்சுக்கோப்பு வேலை என்னிடம் இருந்தது. ஆசிரியர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்களுக்கு ஐயா. நாங்கள் லினக்ஸுக்குப் போனது அவருடைய பிடிவாதத்தால்தான். "திருட்டு சாப்ட்வேர்ல அடிச்சு அறத்தைப் பத்தித் தலையங்கம் போட முடியாது தம்பி" என்றார். அந்தக் காலத்தில் உபுண்டு வட்டை இலவசமாகவே தபாலில் அனுப்புவார்கள். 6.06 பதிப்பு அப்படித்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு குறியாக்கம், ஒவ்வொரு குறியாக்கத்துக்கும் ஓர் எழுத்துரு என்று அலைந்துகொண்டிருந்த எங்களுக்கு, எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு பெரிய விடுதலை.

அப்போது உள்ளீட்டு முறைக்குப் பெயர் ஸ்கிம். நிறுவியதும், மென்பொருள்கள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் மூன்று சூழல் மாறிகளை நாமே எழுதிவைக்க வேண்டும். ஜிடிகே மென்பொருள் எதைக் கேட்க வேண்டும், கியூட்டி மென்பொருள் எதைக் கேட்க வேண்டும், இரண்டும் இல்லாத பழைய மென்பொருள் எதைக் கேட்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வரி. ஓப்பன் ஆஃபீஸ் ஜிடிகே வழியாகத் திரையைத் தொட வேண்டும் என்றால் அதற்கு ஒரு தனித் தொகுப்பு. எல்லாம் சேர்ந்தால் தமிழ் வரும்.

அந்த வருடக் கடைசியில் உபுண்டு 6.10க்கு மாறினோம். அதற்கு முன்பு ஒரு நண்பர் ஸ்கிம்மின் புதிய பதிப்பை மூலநிரலிலிருந்து கட்டி நிறுவிக் கொடுத்திருந்தார். மாறிய மறுநாள் காலை, எந்த ஜிடிகே மென்பொருளிலும் தமிழ் இல்லை. காரணம் ஓர் அடைவின் பெயர். 6.06இல் இருந்தது ஜிடிகே 2.8. அது தன் செருகுநிரல்களை 2.4.0 என்ற அடைவில் தேடும். 6.10இல் வந்த ஜிடிகே 2.10 தன் உள்கட்டமைப்பை மாற்றிக்கொண்டதால், 2.10.0 என்ற புது அடைவில் மட்டும் தேடியது. பழைய செருகுநிரல் பழைய இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. எடுத்துப் புது இடத்தில் போட்டாலும் தீராது. புதிய ஜிடிகேயோடு சேர்த்து மறுபடி கட்ட வேண்டும், பிறகு செருகுநிரல் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்ட வேண்டும். இதழ் அச்சுக்குப் போக வேண்டிய வாரம் அது. ஐயா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டுரையைக் கையால் திருத்திக்கொண்டே காத்திருந்தார்.

அதைவிட விசித்திரமான ஒன்றும் நடந்தது. வெளியிலிருந்து இறக்கிய ஒரு பிடிஎஃப் வாசிப்பான். திறந்தால் சாளரம் ஒரு கணம் தெரியும், உடனே மூடிக்கொள்ளும். அதில் தமிழ் அடிக்கப் போவதே இல்லை, படிக்க மட்டும்தான். அதற்கும் உள்ளீட்டு முறைக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியவில்லை. சம்பந்தம் இருந்தது. ஜிடிகேயில் எழுதிய எந்த மென்பொருள் தொடங்கினாலும், சூழல் மாறி சொன்னபடி ஸ்கிம்மின் செருகுநிரலும் அதற்குள் ஏறும். ஸ்கிம் எழுதப்பட்டது சி++ மொழியில். 2004இல் வந்த ஜிசிசி 3.4 தொகுப்பியோடு சி++இன் அடிப்படை நூலகம் ஐந்தாம் எண்ணிலிருந்து ஆறாம் எண்ணுக்கு மாறியிருந்தது. வாசிப்பானைக் கட்டியவர்கள் பழைய ஐந்தோடு கட்டியிருந்தார்கள், எங்கள் ஸ்கிம் புதிய ஆறோடு கட்டப்பட்டது. ஒரே நிரலுக்குள் இரண்டும் ஏறினால் ஒன்றின் பெயர்களை இன்னொன்று எடுத்துக்கொள்ளும், நிரல் விழும்.

அந்த ஒரு மென்பொருளை மட்டும் வேறு உள்ளீட்டு வழியோடு தொடங்கச் சொல்லி ஒரு வரி எழுதிவைத்ததும் அது ஒழுங்காகத் திறந்தது. பிறகு ஸ்கிம்-பிரிட்ஜ் என்று ஒன்று வந்தது. மென்பொருளுக்குள் ஏறும் பகுதியை சி மொழியில் மெலிதாக எழுதி, சி++ பகுதி முழுவதையும் வெளியே தனி நிரலாக வைத்துவிட்டார்கள். எனக்கு இன்றுவரை பிடித்த தீர்வு அது. பிரச்சினை எங்கே உரசுகிறதோ அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, அங்கே உரசுவதற்கு எதுவும் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ஐயா இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். சிவப்பு அட்டை போட்ட கணக்குப் புத்தகம். பற்று பத்தியில் மென்பொருளின் பெயரும் பதிப்பும், வரவு பத்தியில் அதோடு ஒத்துப்போகும் செருகுநிரலின் பதிப்பும், ஓரத்தில் தேதியும். யாராவது அப்டேட் பண்ணலாமா என்று கேட்டால் முதலில் அந்த நோட்டைத்தான் பிரிப்பார். "இதழ் அச்சுக்குப் போனப்புறம் பண்ணுவோம்" என்பதுதான் அநேகமாகப் பதிலாக இருக்கும். நிரல் எழுதத் தெரியாத ஒரு தமிழாசிரியர், பெரிய அலுவலகங்களில் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை அழகான கையெழுத்தில் செய்துகொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி அந்த நோட்டால் வந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. தமிழில் ஒரு கடிதம் அடிக்க ஒருவருக்கு சூழல் மாறி தெரிந்திருக்க வேண்டும் என்பது அநியாயம். எத்தனையோ பேர் அந்த வாசலிலேயே திரும்பிப் போனார்கள். ஆனால் ஒன்று இருந்தது. கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. கோப்பு எந்த அடைவில் இருக்கிறது என்று பார்க்கலாம், எந்த நூலகத்தைக் கேட்கிறது என்று எல்டிடி கட்டளை சொல்லிவிடும், டெர்மினலில் தொடங்கினால் எது பொருந்தவில்லை என்று ஒரு வரியாவது வரும்.

பிறகு நடந்த நல்லவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2009இல் ஃபெடோரா 11 ஸ்கிம்மை விட்டு ஐபஸ் என்ற உள்ளீட்டு முறைக்கு மாறியது, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஐபஸ் டிபஸ் என்ற பொதுத் தடத்தில் பேசுவதால், மென்பொருளுக்குள் ஏறும் பகுதி சிறுத்துப்போனது. 2012இல் க்னோம் மேசைச்சூழல் 3.6ஆம் பதிப்பில் ஐபஸைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. 64-பிட் கணினிகள் வந்த புதிதில், 32-பிட் மென்பொருளுக்கு 64-பிட் செருகுநிரல் ஏறாது என்று ஒரு சுற்றுத் தொல்லை இருந்தது, அதுவும் ஓய்ந்தது. இன்று புதுக் கணினியில் அமைப்புகளைத் திறந்து தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான இடங்களில் தமிழ் வந்துவிடுகிறது. சூழல் மாறி என்ற பேச்சையே கேட்காமல் ஒரு தலைமுறை லினக்ஸில் தமிழ் எழுதுகிறது. இது சாதாரணக் காரியமில்லை. சம்பளமில்லாமல் உழைத்தவர்கள் அதில் பலர்.

அப்புறம் ஏன் அந்த ஐந்து எழுத்துகள் இன்னும் திரையில் வந்து நிற்கின்றன?

போன வருடம் ஒரு மாலை, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெண் மடிக்கணினியோடு வந்தாள். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். "அண்ணே, எல்லாத்துலயும் தமிழ் வருது. இந்த மீட்டிங் சாப்ட்வேர்ல மட்டும் சாட்ல அடிச்சா இங்கிலீஷ்தான் விழுது. எடிட்டர் ஆன்லைன்ல காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள். கேடிஇ மேசைச்சூழல், உள்ளீட்டு முறை எஃப்சிஐடிஎக்ஸ் 5. லிப்ரே ஆஃபீஸில் அடித்துக் காட்டினாள், தமிழ் ஓடியது. மீட்டிங் மென்பொருளில் எல், கே, எஸ்.

"எரர் ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

"ஒண்ணுமே வரலண்ணே. அது பாட்டுக்கு வேலை செய்யுது."

கியூட்டியில் எழுதிய மென்பொருளிடம் வாயைத் திறக்கச் சொல்ல ஒரு வழி உண்டு. செருகுநிரல்களைப் பற்றிய விவரம் முழுவதையும் சொல் என்று ஒரு சூழல் மாறியை 1 ஆக வைத்து, டெர்மினலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கம் பக்கமாக ஓடும். பொறுமையாகப் படித்தால், எந்தெந்த அடைவில் எதைத் தேடியது, எதை ஏற்றது, எதைத் தள்ளியது என்று தெரியும். அப்படிப் படித்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்த மென்பொருள் கணினியில் இருக்கும் கியூட்டியைத் தொடுவதே இல்லை. தன்னுடைய கியூட்டியைத் தன் பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்திருந்தது, பதிப்பு 5.12. செருகுநிரலையும் தன் பெட்டிக்குள்தான் தேடியது. அங்கே கியூட்டியோடு இயல்பாக வரும் ஐபஸ் செருகுநிரல் இருந்தது, எஃப்சிஐடிஎக்ஸுக்கு உரியது இல்லை.

அவள் ஏற்கெனவே யாரோ சொன்னதைக் கேட்டு, கணினியில் இருந்த எஃப்சிஐடிஎக்ஸ் செருகுநிரலைப் பிரதி எடுத்து அந்தப் பெட்டிக்குள் போட்டும் பார்த்திருந்தாள். அதுவும் பட்டியலில் தெரிந்தது, பக்கத்திலேயே 'பொருந்தாத கியூட்டி நூலகம்' என்ற வரியோடு. கணினியின் கியூட்டி 5.15. கியூட்டியின் விதி தெளிவானது. பழைய பதிப்பில் கட்டிய செருகுநிரலைப் புதிய நூலகம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் புதிய பதிப்பில் கட்டியதைப் பழைய நூலகம் ஏற்காது. முதல் எண்ணே வேறு என்றால், அதாவது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில், எந்தப் பக்கமும் ஏற்பில்லை. சரியான விதிதான். ஏற்றியிருந்தால் எங்கள் பழைய பிடிஎஃப் வாசிப்பான் மாதிரி விழுந்திருக்கும். ஆனால் அந்த மறுப்பை யாரிடம் சொன்னது? கேட்டுத் தோண்டியவனிடம் மட்டும்.

தீர்வு எளிதாகத்தான் இருந்தது. எஃப்சிஐடிஎக்ஸ் 5க்கு ஐபஸ் பேச்சும் தெரியும். அந்த ஒரு மென்பொருளை மட்டும், உள்ளீட்டு முறை ஐபஸ் என்று சொல்லித் தொடங்க வைத்தோம். பெட்டிக்குள் இருந்த ஐபஸ் செருகுநிரல் வெளியே இருந்த எஃப்சிஐடிஎக்ஸோடு பேசியது. சாட்டில் தமிழ் விழுந்தது.

கிளம்பும்போது அவள் சொன்னதுதான் எனக்குத் தைத்தது. "இத்தனை நாளா போன்ல அடிச்சு, எனக்கே வாட்ஸப்ல அனுப்பி, இதுல காப்பி பண்ணிப் போட்டுக்கிட்டு இருந்தேண்ணே. லினக்ஸ்ல இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்று பெரும்பாலும் கணினி முழுவதற்கும் ஒரு ஜிடிகே, ஒரு கியூட்டி. பொருந்தாவிட்டால் எல்லாமே படுக்கும், அதனால் எல்லோருக்கும் தெரியும். இன்று ஒரே மடிக்கணினியில் ஜிடிகே 3, ஜிடிகே 4, கியூட்டி 5, கியூட்டி 6 நான்கும் இருக்கின்றன. அதுபோக ஆப்இமேஜ், ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவங்களில் ஒவ்வொரு மென்பொருளும் தன் நூலகங்களைக் கட்டிக்கொண்டு வருகிறது. பதிப்புச் சண்டையை ஒழிக்கத்தான் இந்தப் பெட்டிகள் வந்தன, பெரும்பாலும் ஒழித்தும்விட்டன. நூலகத்தையும் மென்பொருளையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டால் அவற்றுக்குள் சண்டை வராது. ஆனால் உள்ளீட்டு முறை அந்தப் பெட்டிக்கு வெளியேதான் இருந்தாக வேண்டும். பெட்டியைக் கட்டுகிறவர் தமிழையோ சீனத்தையோ நினைத்துப் பார்த்தால்தான் நடுவில் போக வர ஆள் இருப்பார். ஃபிளாட்பேக்கில் பொது அடித்தளத்திலேயே இந்தச் செருகுநிரல்களைச் சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தை வைத்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தனியாகக் கட்டி விநியோகிப்பவர்கள் பலர் அந்த நினைப்பே இல்லாமல் விடுகிறார்கள்.

பழைய பொருந்தாமை மென்பொருளை விழவைத்தது. புதிய பொருந்தாமை மென்பொருளை விட்டுவிட்டுத் தமிழை மட்டும் விழவைக்கிறது. இரண்டில் இரண்டாவதுதான் மோசம் என்பேன். விழுந்த மென்பொருளைப் பற்றி யாராவது புகார் கொடுப்பார்கள். தமிழ் வராத மென்பொருளைப் பற்றி 'இப்படித்தான் போல' என்று இருந்துவிடுகிறோம்.

லினக்ஸில் திரையைக் கையாளும் பழைய எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலேண்ட், இதற்கு அடிப்படையிலேயே ஒரு மாற்று வழியைத் தருகிறது. அதில் உள்ளீட்டு முறைக்கென்று ஒரு செருகுநிரல் மென்பொருளுக்குள் ஏற வேண்டியதில்லை. திரையை நிர்வகிக்கும் நிரலே நடுவில் நின்று எழுத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும். சரியான திசை. ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைக்கான நெறிமுறைக்கும் பதிப்புகள் உண்டு. குரோமியம் உலாவியின் மேல் கட்டிய மென்பொருள்கள் வெகுகாலம் ஒன்றாம் பதிப்பில் பேசின. க்னோம் மூன்றாம் பதிப்பைத்தான் கேட்கும். அப்புறம் குரோமியத்திலும் மூன்றாம் பதிப்பு வந்தது, ஆனால் தொடங்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பதிப்புப் பொருத்தம் என்ற விஷயம் செருகுநிரலிலிருந்து நெறிமுறைக்கு இடம் மாறியிருக்கிறது, தீரவில்லை.

எனவே தமிழ் வராதபோது எங்கே பார்ப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா மென்பொருளிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டுமா என்று முதலில் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் பெரும்பாலும் உள்ளீட்டு முறை ஓடவில்லை. ஒன்றில் மட்டும் என்றால் அது எந்தக் கருவித்தொகுப்பில், எந்தப் பதிப்பில் கட்டியது என்று தேடுங்கள். லிப்ரே ஆஃபீஸில் 'பற்றி' சாளரத்தைத் திறந்தால் விசிஎல் என்ற இடத்தில் ஜிடிகே 3 என்றோ வேறு பெயரோ இருக்கும். அங்கே 'ஜென்' என்று இருந்தால், மேசைக்கேற்ற செருகுநிரல் தொகுப்பு நிறுவப்படவில்லை, அல்லது ஏறவில்லை என்று பொருள். மென்பொருளை டெர்மினலிலிருந்து தொடங்கி, வரும் வரிகளைப் படியுங்கள். நூலகக் கோப்புகளை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் போடாதீர்கள். தொகுப்பு மேலாளர் நிறுவியதோடு, கையால் கட்டி நிறுவிய இன்னொரு பதிப்பும் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மென்பொருளை எழுதியவர்களுக்குத் தெரிவியுங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தங்கள் மென்பொருளில் தமிழ் விழவில்லை என்பதும் தெரியாது. உள்ளீட்டு முறையின் பெயரும் பதிப்பும், கருவித்தொகுப்பின் பதிப்பு, எக்ஸ்11ஆ வேலேண்டா, ஸ்னாப்பா ஃபிளாட்பேக்கா சாதாரணத் தொகுப்பா என்ற விவரங்களோடு, எந்த விசையைத் தட்டினால் என்ன விழுந்தது என்று பத்து வரி எழுதினால் போதும். ஆங்கிலம் சரளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சீனர்களும் ஜப்பானியர்களும் விடாமல் இப்படி எழுதியதால்தான் நாம் இன்று இந்த அளவுக்காவது தமிழ் அடிக்கிறோம். போனில் அடித்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எழுதிப் போடுங்கள்.